காகித ஹெலிகாப்டர்: இரண்டு குழு, இரண்டு முடிவு. எது சரி?

கடலோர டீச்சர் | சனி, இரவு 8:15

எல்லாருக்கும் வணக்கம். நாகப்பட்டினம் பக்கம் ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். கண்காட்சிக்காகப் பிள்ளைகள் காகித ஹெலிகாப்டர் செய்கிறார்கள். நீளமான தாள் துண்டு, மேலே நடுவில் வெட்டி இரண்டு இறக்கைகளை எதிரெதிராக மடிப்பது, கீழே காலை மூன்றாக மடித்துக் குறுக்குவது. மாடியிலிருந்து விட்டால் சுற்றிக்கொண்டே இறங்கும். அதிக நேரம் காற்றில் நிற்க வைப்பதுதான் போட்டி.

வகுப்பை இரண்டாகப் பிரித்தேன். "மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும், ஒன்றை மட்டும் மாற்றுங்கள்" என்றுதான் சொன்னேன். பாடப்புத்தகத்திலும் அப்படித்தான் இருக்கிறது, பல வருடமாக நானும் அப்படித்தான் சொல்லித் தருகிறேன்.

முதல் குழு சாதாரண ஹெலிகாப்டரில் தொடங்கியது. 7 செ.மீ. இறக்கை, 2.4 விநாடி. ஜெம் கிளிப் மாட்டினார்கள், 1.8 ஆகிவிட்டது. கிளிப்பைக் கழற்றிவிட்டு இறக்கையை 11 செ.மீ. ஆக்கினார்கள், 2.6. ஆக அவர்கள் முடிவு: கிளிப் கெடுதல், இறக்கை நீளத்தால் பெரிய லாபம் இல்லை.

இரண்டாவது குழு தொடக்கத்திலேயே கிளிப் மாட்டியிருந்தது. 7 செ.மீ. இறக்கைக்கு 1.8, 11 செ.மீ.க்கு 2.8. அவர்கள் முடிவு: இறக்கை நீளம்தான் எல்லாமே.

இரண்டு குழுவும் நான் சொன்னபடிதான் செய்தது. இரண்டும் நேர்மையாக அளந்தது. ஆனாலும் முடிவு ஒன்றுக்கொன்று இடிக்கிறது. என்ன சொல்லித் தருவது என்று எனக்கே தெரியவில்லை. யாராவது விளக்குவீர்களா?

---

நெல்வயல் | சனி, இரவு 9:40

டீச்சர், உங்கள் பிள்ளைகள் தப்பே செய்யவில்லை. அவர்கள் கையில் கிடைத்திருப்பது நல்ல கண்டுபிடிப்பு. இறக்கை நீளத்தின் பலன் கிளிப் இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்து மாறுகிறது. இதை ஊடாட்டம் என்போம், கல்லூரியில் இன்டராக்‌ஷன். ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கும் முறையில் இது கண்ணில் படவே படாது. இரண்டு குழு வெவ்வேறு இடத்தில் தொடங்கியதால் தற்செயலாக வெளியே வந்திருக்கிறது.

நான் வேளாண்மை படித்தவன். வயலில் உரப் பரிசோதனை போடும்போது இதுதான் முதல் பாடம். தண்ணீர் குறைவான பாத்தியில் தழைச்சத்து கூட்டினால் பெரிய பலன் வராது, தண்ணீர் தாராளமாக இருந்தால் பயிர் எழும்பி வரும். "தழைச்சத்தின் பலன் எவ்வளவு?" என்று மட்டும் கேட்டால் பதில் கிடையாது. எந்தத் தண்ணீரில் என்றும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும்.

இதை ஒழுங்குபடுத்தியவர் புள்ளியியல் அறிஞர் ரொனால்ட் ஃபிஷர். 1919-ல் இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். இயற்கையிடம் ஒரு நேரத்தில் ஒரு கேள்வி மட்டும்தான் கேட்க வேண்டும் என்ற நம்பிக்கையை 1926-லேயே எழுத்தில் மறுத்தவர் அவர். யோசித்துத் தயாரித்த ஒரு கேள்வித்தாளை முழுதாகக் கொடுத்தால்தான் இயற்கை நன்றாகப் பதில் சொல்லும் என்பது அவர் வாதம்.

நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். மூன்று காரணிகளை எடுத்துக்கொள்ளுங்கள்: இறக்கை நீளம், கிளிப், கால் நீளம். ஒவ்வொன்றுக்கும் இரண்டே நிலை. மொத்தம் 2 × 2 × 2 = 8 சேர்க்கை. எட்டையும் செய்யுங்கள், ஒவ்வொன்றையும் நான்கு முறை விடுங்கள், 32 விடுதல்.

இதில் ஒரு பெரிய ஆதாயம் இருக்கிறது. இறக்கையின் பலனைக் கணக்கிடும்போது நீள இறக்கையின் 16 அளவுகளையும் குட்டை இறக்கையின் 16 அளவுகளையும் ஒப்பிடுகிறோம். கிளிப்புக்கும் அதே 32 அளவுகளை வேறு மாதிரி பிரித்தால் மறுபடியும் 16-க்கு 16. காலுக்கும் அப்படியே. ஒவ்வொரு விடுதலும் மூன்று கேள்விக்கும் உழைக்கிறது. இதே துல்லியம் ஒன்றொன்றாக மாற்றும் முறையில் வேண்டுமானால் அடிப்படை ஹெலிகாப்டருக்கு 16, மூன்று மாற்றங்களுக்கும் தலா 16 என்று 64 விடுதல் தேவை. அதற்குப் பிறகும் ஊடாட்டம் தெரியாது.

அப்புறம் ஒரு கேள்வி. இரண்டு குழுவும் ஒரே நேரத்தில் விட்டார்களா?

---

கடலோர டீச்சர் | சனி, இரவு 10:05

இல்லை சார். முதல் குழு காலை முதல் பாடவேளை. இரண்டாவது குழு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. இடம் ஒன்றுதான், முதல் மாடி வராண்டா, சுமார் 3 மீட்டர் உயரம்.

---

நெல்வயல் | சனி, இரவு 10:20

உங்கள் ஊரில் மதியம் கடற்காற்று எழும்பிவிடுமே! இரண்டு குழுவுக்கும் இடையே உள்ள வித்தியாசத்தில் காற்றின் பங்கு எவ்வளவு என்று இனி பிரிக்க முடியாது.

வயலிலும் இதே தொல்லை உண்டு. மடைக்குப் பக்கத்துப் பாத்திக்கு வண்டலும் தண்ணீரும் முதலில் வரும், கடைமடைப் பாத்திக்கு மிச்சம்தான். புது ரகத்தை எல்லாம் மடைப்பக்கம் நட்டுவிட்டு, பழைய ரகத்தைக் கடைசியில் நட்டால், ஜெயித்தது ரகமா மடையா? அதனால்தான் வயலைத் தொகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு தொகுதிக்குள்ளும் எல்லா ரகத்தையும் போடுவோம். எந்தப் பாத்தியில் எது என்பதைச் சீட்டுப் போட்டு முடிவு செய்வோம்.

நீங்களும் அப்படியே செய்யுங்கள். வராண்டா வேண்டாம், நான்கு பக்கமும் சுவர் உள்ள மாடிப்படிக் கூண்டு இருந்தால் அங்கே விடுங்கள். எட்டு எண்ணையும் சீட்டில் எழுதி டம்ளரில் குலுக்கி, வருகிற வரிசையில் விடுங்கள். எட்டும் ஒரு சுற்று முடிந்ததும் மறுபடி குலுக்கி அடுத்த சுற்று. அப்போது ஒவ்வொரு சுற்றும் ஒரு தொகுதி. நடுவில் காற்று மாறினாலும் எட்டுக்கும் பொதுவாக மாறும். விடுகிற பிள்ளை வேறு, நேரம் பார்க்கிற பிள்ளை வேறாக இருக்கட்டும். நேரம் பார்ப்பவருக்கு எது வருகிறது என்று முன்கூட்டியே சொல்லவும் வேண்டாம்.

---

குமரித் தம்பி | ஞாயிறு, காலை 7:30

வணக்கம். நான் இயந்திரவியல் மூன்றாம் ஆண்டு. எனக்கு ஒரு சந்தேகம், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இது எல்லாம் இயற்பியல்தானே? இறங்கும் வேகம் எடையின் வர்க்கமூலத்துக்கு நேர் விகிதம், இறக்கையின் ஆரத்துக்கு எதிர் விகிதம். இறக்கைகள் சுற்றி உண்டாக்கும் வட்டத் தட்டு பெரிதானால் மெதுவாக இறங்கும், எடை கூடினால் வேகமாக இறங்கும். சமன்பாடு கையில் இருக்கும்போது 32 முறை விட்டுப் பார்ப்பது எதற்கு?

---

பழைய தரக்காரர் | ஞாயிறு, காலை 9:10

தம்பி, உங்கள் சமன்பாட்டைப் பத்திரமாக வைத்திருங்கள், வேலைக்கு வரும். டீச்சர் அளந்து கொண்டு வரட்டும். அதற்கு முன் நீங்கள் உங்கள் கணிப்பை எழுதி வைத்துவிடுங்கள். அளவு வந்த பிறகு எழுதினால் அது கணிப்பு ஆகாது.

நான் கோயம்புத்தூரில் பவுண்டரி, பம்ப் என்று 31 வருடம் தரக்கட்டுப்பாட்டில் இருந்தவன். ஒரு காலத்தில் வார்ப்பில் ஓட்டை விழுகிறது என்று மணலின் ஈரத்தைக் குறைத்துப் பார்த்தோம். சரியாகவில்லை என்று பழைய நிலைக்குக் கொண்டுவந்தோம். பிறகு உருக்கு ஊற்றும் வெப்பத்தைக் கூட்டிப் பார்த்தோம், அதுவும் சரியாகவில்லை, அதையும் பழையபடி வைத்தோம். இரண்டையும் சேர்த்து மாற்றிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. மாதக்கணக்கில் கழிவு வார்ப்பு மலைபோல் குவிந்தது. கடைசியில் நான்கே சேர்க்கை போட்டுப் பார்த்த அன்று விடை கிடைத்தது. அந்த நான்கில் மூன்று சேர்க்கையை நாங்கள் ஏற்கெனவே பார்த்திருந்தோம். பார்க்காத நான்காவதில்தான் விடை இருந்தது. அதனால்தான் இந்த விஷயத்தில் எனக்கு இவ்வளவு பிடிவாதம்.

---

கடலோர டீச்சர் | புதன், மாலை 6:50

எல்லாரும் சொன்னபடி செய்தோம். மாடிப்படிக் கூண்டு, சன்னல் மூடி, சீட்டுக் குலுக்கி. ஏ4 தாள், 75 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு 75 கிராம்). எல்லாவற்றுக்கும் அகலம் 5 செ.மீ., ஆக ஒரு இறக்கை 2.5 செ.மீ. அகலம். இறக்கைக்கும் காலுக்கும் நடுவே 2 செ.மீ. இறக்கை 7 அல்லது 11, கால் 7 அல்லது 11, கிளிப் உண்டு அல்லது இல்லை. நான்கு விடுதலின் சராசரி விநாடிகளில்:

1. இறக்கை 7, கிளிப் இல்லை, கால் 7: 2.4
2. இறக்கை 11, கிளிப் இல்லை, கால் 7: 2.6
3. இறக்கை 7, கிளிப் உண்டு, கால் 7: 1.8
4. இறக்கை 11, கிளிப் உண்டு, கால் 7: 2.8
5. இறக்கை 7, கிளிப் இல்லை, கால் 11: 2.3
6. இறக்கை 11, கிளிப் இல்லை, கால் 11: 2.7
7. இறக்கை 7, கிளிப் உண்டு, கால் 11: 1.7
8. இறக்கை 11, கிளிப் உண்டு, கால் 11: 2.5

பிள்ளைகள் குறித்து வைத்த இன்னொன்று: 2-ம் 6-ம் விட்டவுடன் சுற்றுவதில்லை. கொஞ்ச தூரம் தள்ளாடி விழுந்த பிறகுதான் சுற்றத் தொடங்குகின்றன.

---

யாழ் கணக்கு | புதன், இரவு 8:30

டீச்சர், மிக நல்ல தரவு. கணக்கைப் பிள்ளைகளே கூட்டல் கழித்தலில் செய்து விடலாம், மென்பொருள் ஒன்றும் தேவையில்லை.

நீள இறக்கை நான்கின் சராசரி 2.65. குட்டை இறக்கை நான்கின் சராசரி 2.05. ஆக இறக்கையின் பலன் +0.60 விநாடி. கிளிப் உள்ளவை 2.20, இல்லாதவை 2.50, ஆக கிளிப்பின் பலன் -0.30. நீளக் கால் 2.30, குட்டைக் கால் 2.40, ஆக -0.10.

இப்போது உங்கள் முதல் கேள்விக்கு வருவம். கிளிப் இல்லாதபோது இறக்கையை நீட்டினால் 2.35-லிருந்து 2.65, கிடைப்பது 0.30. கிளிப் இருக்கும்போது 1.75-லிருந்து 2.65, கிடைப்பது 0.90. இந்த இரண்டின் வித்தியாசத்தில் பாதி, 0.30, ஊடாட்டம். கிளிப்பின் சொந்தப் பலன் எவ்வளவு பெரியதோ ஊடாட்டமும் அவ்வளவு பெரியது. இறக்கையும் காலும் அப்படி இல்லை. குட்டைக் காலில் 0.60, நீளக் காலில் 0.60, அங்கே ஊடாட்டம் சுழியம்.

இதையே திருப்பிப் பாருங்கள். குட்டை இறக்கையில் கிளிப் 0.60 விநாடியைப் பறிக்கிறது. நீள இறக்கையில் ஒன்றையும் பறிக்கவில்லை, 2.65-க்கு 2.65. முதல் குழுவின் "கிளிப் கெடுதல்" குட்டை இறக்கைக்கு உண்மை. இரண்டாம் குழுவின் "நீளம்தான் எல்லாமே" கிளிப் மாட்டியதற்கு உண்மை. பிள்ளைகளிடம் ஒரு வரைபடம் போடச் சொல்லுங்கள்: கிடையில் இறக்கை நீளம், நெடுக்கில் நேரம், கிளிப் உள்ளதற்கு ஒரு கோடு, இல்லாததற்கு ஒரு கோடு. இரண்டும் இணையாகப் போகாமல் ஒரே இடத்தில் போய்ச் சேருவதைக் கண்ணால் பார்த்தால் போதும்.

---

குமரித் தம்பி | புதன், இரவு 10:45

ஞாயிறே எழுதி வைத்த என் சமன்பாட்டில் டீச்சர் தந்த அளவுகளைப் போட்ட கணக்கு இது. 5 × 16 செ.மீ. தாள் 80 சதுர செ.மீ., 75 ஜிஎஸ்எம்மில் 0.6 கிராம். சின்ன ஜெம் கிளிப் பத்தை எங்கள் ஆய்வக தராசில் நிறுத்தேன், 5 கிராம், ஆக ஒன்று அரை கிராம். கிளிப் மாட்டினால் 0.6 என்பது 1.1 ஆகிறது, வேகம் சுமார் 1.35 மடங்கு. 2.4 விநாடி 1.8 ஆக வேண்டும். டீச்சர் அளந்ததும் 1.8. சந்தோஷமாக இருந்தது.

கிளிப் உள்ளதில் இறக்கையை 7-லிருந்து 11 ஆக்கினால் நேரம் சுமார் 1.47 மடங்காக வேண்டும். 1.75 என்பது 2.6 ஆகும். அளந்தது 2.65. இதுவும் சரி.

ஆனால் கிளிப் இல்லாததில் 1.4 மடங்காக வேண்டும். 2.35 என்பது 3.3 ஆகியிருக்க வேண்டும். அளந்தது 2.65தான். 0.65 விநாடி காணவில்லை! என் சமன்பாடு ஹெலிகாப்டர் முதல் கணத்திலிருந்தே நிமிர்ந்து நின்று சுற்றுவதாக வைத்துக்கொள்கிறது. பிள்ளைகள் எழுதிய "தள்ளாடி விழுந்த பிறகுதான் சுற்றுகிறது" என்பதில்தான் காணாமல் போன நேரம் இருக்கிறது. நீள இறக்கை மேலே கனக்கிறது, கீழே எடை இல்லை, அதனால் நிமிர நேரம் எடுக்கிறது. கிளிப் எடையைக் கூட்டி வேகமாக இறக்குகிறது, அதே நேரம் நிமிர்த்தியும் வைக்கிறது. நீள இறக்கையில் இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடுகின்றன.

சமன்பாடு போதும் என்று நினைத்தது சரியில்லை என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சமன்பாடு இல்லாமல் இருந்தால் எந்த வரியில் ஆச்சரியப்பட வேண்டும் என்று தெரிந்திருக்காது.

---

பழைய தரக்காரர் | வியாழன், காலை 8:20

தம்பி, அருமை. கடைசி வரியை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன்.

டீச்சர், இரண்டு கேள்வி. வரிக்கு நான்கு விடுதல் என்றீர்கள். அது ஒரே ஹெலிகாப்டரை நான்கு முறை விட்டதா, நான்கு ஹெலிகாப்டர் செய்து விட்டதா? ஒரே ஹெலிகாப்டர் என்றால், விடும் கையும் ஸ்டாப்வாட்ச்சும் எவ்வளவு தடுமாறுகின்றன என்பதுதான் அந்த நான்கில் தெரியும். வெட்டுவதிலும் மடிப்பதிலும் வரும் வித்தியாசம் அதில் இல்லவே இல்லை. ஒரே வார்ப்பை நான்கு முறை வெர்னியரில் அளந்துவிட்டு நான்கு வார்ப்பு சோதித்தேன் என்று எழுதினால் என் மேலாளர் ரிப்போர்ட்டைத் திருப்பி அனுப்பிவிடுவார், அது நியாயமும்கூட.

இரண்டாவது, தாளை எப்படி வெட்டினீர்கள்? நெடுக்கிலா, குறுக்கிலா?

---

கடலோர டீச்சர் | வியாழன், மாலை 5:30

சார், ஒரே ஹெலிகாப்டர்தான். வரிக்கு ஒன்று, மொத்தம் எட்டு.

வெட்டியது பற்றி: நெடுக்கில் வெட்டினால் ஏ4-ல் நான்கு துண்டுதான் வரும். குறுக்கில் ஐந்து வரும். தாளை மிச்சப்படுத்தலாம் என்று குறுக்கில் வெட்டச் சொன்னேன். 6-ம் 8-ம் மட்டும் 24 செ.மீ. நீளம், தாளின் குறுக்கு அகலம் 21தான், அதனால் அவற்றை நெடுக்கில் வெட்டினோம். இதில் ஏதாவது இருக்கிறதா?

---

பழைய தரக்காரர் | வியாழன், மாலை 6:15

இருக்கிறது அம்மா, நிறையவே இருக்கிறது. தாளுக்கு கிரெயின் உண்டு, அதாவது நார் ஓடும் திசை. அச்சகத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நகல் எடுக்கிற ஏ4 தாளில் பெரும்பாலும் நார் நெடுக்கில் ஓடும். ஒரு தாளை நெடுக்கிலும் குறுக்கிலும் கிழித்துப் பாருங்கள். நார் ஓடும் திசையில் நேராகக் கிழியும், குறுக்கே கிழித்தால் கோணலாக ஓடும்.

இறக்கை நீளத்தின் வழியே நார் ஓடினால் இறக்கை விறைப்பாக நிற்கும். குறுக்கே ஓடினால் தொய்ந்து, சுற்றும்போது மேலே தூக்கிக்கொள்ளும், தட்டு சிறுத்துவிடும். உங்கள் நீள இறக்கை நான்கில், குட்டைக் கால் இரண்டும் (2, 4) தொய்ந்த இறக்கை, நீளக் கால் இரண்டும் (6, 8) விறைப்பான இறக்கை. காலின் பலனும் நாரின் பலனும் ஒன்றாக ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. காலுக்கு -0.10 தானே, அது ஒன்றுமில்லை என்று விட்டுவிட முடியாது. குட்டைக் கால் நல்லது செய்து, தொய்ந்த இறக்கை அதைக் கெடுத்திருக்கலாம்.

எல்லாவற்றையும் நெடுக்கில் வெட்டுங்கள். வரிக்கு இரண்டு ஹெலிகாப்டர், வெவ்வேறு பிள்ளைகள் செய்தவை. அதற்கு நான்கு ஏ4 தாள் போதும்.

---

குமரித் தம்பி | வியாழன், இரவு 9:00

இப்படியே போனால் காரணி கூடிக்கொண்டே போகுமே. நார், தாளின் எடை, இறக்கை அகலம், மடிப்புக் கோணம்... ஏழு காரணி என்றால் 2-ன் 7 அடுக்கு, 128 சேர்க்கை. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளால் முடியுமா?

---

நெல்வயல் | வியாழன், இரவு 10:10

128 தேவையில்லை. ஏழு காரணியை எட்டே சேர்க்கையில் அடக்கும் திட்டம் உண்டு. 1946-ல் பிளாக்கெட், பர்மன் இருவரும் 12 சேர்க்கையில் 11 காரணியைப் பார்க்கும் திட்டம் கொடுத்தார்கள். அதே காலத்தில் கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைச் சேர்ந்த சி. ஆர். ராவ் செங்குத்து அணிகள் என்ற பொதுவான கணிதத்தை 1947-ல் வெளியிட்டார். பிற்பாடு ஜப்பானில் தாகுச்சி என்ற பொறியாளர் தொழிற்சாலைகளில் பரப்பிய அட்டவணைகள் அந்த வகையைச் சேர்ந்தவை. உள்ளங்கை அளவுள்ள அட்டவணைக்குப் பின்னால் நம் ஊர்க் கணக்கு இருக்கிறது என்பதைப் பிள்ளைகளிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

ஆனால் இலவசம் கிடையாது. எட்டு சேர்க்கையில் ஏழு காரணியை நுழைத்தால் ஒவ்வொரு காரணியும் சில ஊடாட்டங்களின் வேடத்தில் வரும். டீச்சரின் தரவையே பாருங்கள். இறக்கை-கிளிப் ஊடாட்டம் 0.30. அந்த இடத்தில் நான்காவது காரணியாகத் தாளின் நிறத்தைப் பொருத்தியிருந்தால், மஞ்சள் தாள் 0.30 விநாடி அதிகம் பறக்கிறது என்று கணக்கு சொல்லியிருக்கும்! அதனால் தொடக்கத்தில் நிறைய காரணிகளைச் சலித்து எடுக்க அந்தத் திட்டம் நல்லது, ஊடாட்டம் இருக்கிறது என்று தெரிந்த இடத்தில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

நடுவழியும் உண்டு. நான்கு காரணி, எட்டு சேர்க்கை. முதல் மூன்றுக்கும் +, - குறி போட்டு (இரண்டு நிலையில் ஒன்றுக்கு +, மற்றதற்கு -), மூன்றையும் பெருக்கி வரும் குறியை நான்காவதற்குக் கொடுங்கள். தனிப் பலன்கள் மூன்று காரணி சேர்ந்த ஊடாட்டத்தோடு மட்டும்தான் கலக்கும். அது பெரும்பாலும் சிறியதாகவே இருக்கும். இரண்டு காரணி ஊடாட்டங்கள் மட்டும் ஜோடி ஜோடியாகக் கலந்திருக்கும், அதை நினைவில் வைக்க வேண்டும்.

---

கடலோர டீச்சர் | அடுத்த புதன், இரவு 7:20

இரண்டாம் சுற்று முடிந்தது. 16 ஹெலிகாப்டர், எல்லாம் நெடுக்கில். ஒவ்வொன்றும் நான்கு முறை, மொத்தம் 64. பிள்ளைகளுக்குச் சலிக்கவே இல்லை, சீட்டு எடுப்பதற்குத்தான் சண்டை.

ஆறு வரிகளின் சராசரி முன்பு வந்ததேதான். மாறியது 2-ம் 4-ம் மட்டும். 2-வது 2.6-லிருந்து 2.7, 4-வது 2.8-லிருந்து 3.0. பழைய தரக்காரர் சார் சொன்ன அதே இரண்டு வரி!

ஜோடிக்குள் வித்தியாசமும் எழுதி வைத்தோம். வரிசையாக 0.1, 0.2, 0.3, 0.1, 0.2, 0.1, 0.3, 0.2. ஒரே அளவில் இரண்டு பேர் செய்தது 0.3 விநாடி வேறுபடும் என்று நான் நினைக்கவே இல்லை. காலின் பலன் இப்போது 2.30-க்கு 2.475, ஏறத்தாழ -0.18. இதை நம்பலாமா?

---

யாழ் கணக்கு | அடுத்த புதன், இரவு 9:05

நம்பலாமா என்பதற்கு அந்த ஜோடி வித்தியாசங்களே விடை சொல்லும். ஒவ்வொன்றையும் வர்க்கப்படுத்திக் கூட்டினால் 0.33. அதை 16-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் சுமார் 0.14. ஒரே அளவில் செய்த ஹெலிகாப்டர்கள் தங்களுக்குள் இவ்வளவு சிதறுகின்றன என்று அர்த்தம். எட்டின் சராசரியை எட்டின் சராசரியோடு ஒப்பிடும்போது இந்தச் சிதறல் பாதியாகி 0.07 ஆகும்.

காலின் பலன் 0.18, இந்த 0.07-ஐப் போல இரண்டரை மடங்கு. தற்செயல் என்று இலேசில் தள்ள ஏலாது. இறக்கையின் பலன் இப்போது 0.68, கிட்டத்தட்ட பத்து மடங்கு, அதில் பேச்சே இல்லை. காலைக் குறைக்கலாம், அந்தத் திசையில் ஒரு அடி எடுத்து வைத்துப் பாருங்கள்.

---

பழைய தரக்காரர் | அடுத்த வியாழன், காலை 7:50

இங்கே ஜார்ஜ் பாக்ஸ் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இங்கிலாந்தில் ஐசிஐ ரசாயன நிறுவனத்தில் வேலை செய்தவர். 1951-ல் வில்சன் என்பவரோடு சேர்ந்து, சோதனையின் விடையைப் பார்த்து எந்தத் திசையில் ஏறினால் மலை செங்குத்தாக உயர்கிறதோ அந்தத் திசையில் அடுத்த சோதனையை வைக்கும் முறையை எழுதினார். பிற்பாடு அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, பொறியாளர்களுக்கு இதைக் கற்றுத்தரக் காகித ஹெலிகாப்டரைத்தான் எடுத்துக்கொண்டார், 1992-ல் கட்டுரையாகவும் வந்தது. நம் டீச்சரின் வகுப்பு அதே பாதையில்தான் நடக்கிறது. பாக்ஸ் ஃபிஷரின் மகளை மணந்தவர் என்பது கூடுதல் செய்தி.

அவர் வற்புறுத்தியது, ஒரே சோதனையில் எல்லாவற்றையும் முடிக்கப் பார்க்கக் கூடாது என்பது. முதல் சோதனைக்கு உழைப்பில் கால்வாசி போதும், மிச்சத்தை அதில் கற்றுக்கொண்டதை வைத்துச் செலவிடலாம்.

அதனால் இப்போது கிளிப் ஒன்று, கால் 7 என்று நிறுத்திக்கொண்டு, இறக்கையை 13, 15 என்று நீட்டிப் பாருங்கள். இரண்டிரண்டு ஹெலிகாப்டர் போதும். தம்பி, உங்கள் கணிப்பை முதலில் போடுங்கள்.

---

குமரித் தம்பி | அடுத்த வியாழன், காலை 8:30

13-க்கு 3.4. 15-க்கு 3.9, ஆனால் இறக்கை விறைப்பாக நின்றால்தான். நிற்காது என்று நினைக்கிறேன்.

---

கடலோர டீச்சர் | அடுத்த வெள்ளி, மாலை 6:40

13-க்கு 3.3. கூண்டில் மேலே இருந்தவர்கள் கைதட்டினார்கள்.

15-க்கு 2.9. இறங்குகிறது. ஃபோனில் எடுத்த வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். 13-ன் இறக்கை லேசாகத்தான் மேலே வளைகிறது, 15-ன் இறக்கை இரண்டும் கை கூப்புவது போல மேலே போய்விடுகிறது. இரண்டாம் குழுவில் ஒரு பெண், இறக்கையின் ஓரத்தில் மெல்லியதாக ஒரு மடிப்பு மடித்தால் வளையாதே என்று கேட்டாள். முதல் குழுவில் ஒருவன் தடித்த தாளில் செய்யலாம் என்கிறான். இன்னொருவன் தடித்த தாள் என்றால் எடை கூடும், அதனால் மடிப்பும் தாளும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று தெரியாது, ஊடாட்டம் இருக்கலாம் என்றான். இரண்டு வாரத்துக்கு முன் அந்த வார்த்தையே அவனுக்குத் தெரியாது.

நெல்வயல் சார் சொன்ன நடுவழித் திட்டத்தையே எடுத்துக்கொள்கிறோம். இறக்கை 12 அல்லது 14, தாள் 75 அல்லது 100 ஜிஎஸ்எம், ஓர மடிப்பு இல்லை அல்லது 3 மி.மீ., கால் 5 அல்லது 7. கிளிப் எல்லாவற்றுக்கும் ஒன்று. எட்டு சேர்க்கை, இரண்டிரண்டு ஹெலிகாப்டர். கால் நீளத்துக்குத்தான் மூன்றின் பெருக்கல் குறியைக் கொடுத்திருக்கிறேன், சரியா?

---

நெல்வயல் | அடுத்த வெள்ளி, இரவு 8:00

சரி. ஆனால் ஒன்று தெரிந்து செய்யுங்கள். தாளும் மடிப்பும் சேர்ந்த ஊடாட்டம், இறக்கையும் காலும் சேர்ந்த ஊடாட்டத்தோடு கலந்துவிடும். முதல் இரண்டு சுற்றைப் பாருங்கள். இறக்கை-கால் ஊடாட்டம் முதலில் சுழியம். இரண்டாவதிலும் கணக்குப் போட்டால் குட்டைக் காலில் 0.75, நீளக் காலில் 0.60, பாதி வித்தியாசம் 0.08 தான், சிதறல் அளவு. ஆகவே அந்த இடத்தில் பெரியதாக ஏதாவது வந்தால் அந்தப் பையன் கேட்ட தாள்-மடிப்பு என்றே எடுத்துக்கொள்ளலாம். நல்ல தேர்வு.

---

பழைய தரக்காரர் | அடுத்த வெள்ளி, இரவு 8:25

துண்டு 23 செ.மீ. வரை போகும், அதனால் எல்லாமே நெடுக்கில்தான். 75-ல் இரண்டு தாள், 100-ல் இரண்டு தாள் போதும். 100 ஜிஎஸ்எம் தாள் வாங்கியதும் முதலில் ஒன்றைக் கிழித்துப் பாருங்கள் அம்மா. அதன் நார் குறுக்கில் ஓடினால் கடையில் வேறு கட்டு கேளுங்கள், இல்லையென்றால் தாளின் எடையும் நாரும் மறுபடி ஒட்டிக்கொள்ளும்.

---

கடலோர டீச்சர் | அடுத்த வெள்ளி, இரவு 9:10

கிழித்துப் பார்த்துவிட்டேன் சார், நெடுக்கில்தான் நேராகக் கிழிகிறது. சீட்டு எழுதியாயிற்று. திங்கள் காலை, முதல் பாடவேளை. குமரித் தம்பி, உங்கள் எட்டு கணிப்பையும் ஞாயிறு இரவுக்குள் போட்டுவிடுங்கள். பிள்ளைகளும் தங்கள் கணிப்பைத் தனித்தனியாக எழுதி உறையில் ஒட்டி என்னிடம் கொடுத்திருக்கிறார்கள்.